சாவுக் குரலை மாற்ற முயன்றவர்

சின்னண்ணன் குணசீலன். பிறந்த ஆண்டு 1972. ஐம்பத்திரண்டு வயது நிறைந்தவர். நாமக்கல்லுக்குக் கிழக்கே உள்ள எருமப்பட்டியில் இருபத்தோராண்டுக் காலம் சாவுச் செய்தி அறிவித்தவர். மனைவி மஞ்சுளா, ஒரே மகள் தமிழினி.

தந்தை சின்னண்ணன் முக்கால் ஏக்கரில் சின்ன வெங்காயம் பயிரிட்டார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகனுக்கு வெங்காயத்தில் நாட்டம் இல்லை. ஊர்க் கொட்டகையில் படம் மாறும் நாள்களில், வண்டியில் குழாய் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அறிவிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. கொட்டகை மூடப்பட்டபோது அதன் ஒலிபெருக்கிச் சாமான்களைச் சென்றாயன் என்பவர் வாங்கி, ஓர் ஆட்டோவின் மேல் பொருத்தி, ரேடியோ செட் நடத்தத் தொடங்கினார். குணசீலனைவிடப் பத்து வயது மூத்தவர் சென்றாயன். ஆட்டோவை ஓட்டுவது அவர். மைக்கைப் பிடிப்பது குணசீலன். சொட்டு மருந்து முகாம், கோயில் நோம்பி சாட்டுதல், காணாமற்போன மாடு என்று எது வந்தாலும் அறிவித்தார்கள்.

2003 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில்தான் முதன்முதலாக ஒரு சாவுச் செய்தி வந்தது. இறந்தவர் பெயர் இராமசாமி. எருமப்பட்டியில் அப்போது இராமசாமிகள் ஐந்து பேர் இருந்தார்கள். பெயரை முதலில் சொன்னால் ஐந்து வீட்டாரும் அலறுவார்கள் என்று குணசீலனுக்குத் தோன்றியது. ஆகவே முதலில் ஊர், அடுத்துத் தோட்டத்தின் பெயர், அடுத்து அவர் யாருடைய மகன், எல்லாவற்றுக்கும் கடைசியில் பெயர் என்று வரிசைப்படுத்திக்கொண்டார். அன்று தாளில் பெயர் இருந்த இடத்தில் மை கலைந்திருந்தது. அதைக் கூர்ந்து பார்ப்பதற்காக ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார். அந்த ஒரு மூச்சில் தெரு முழுவதும் அசைவற்று நின்றதை அவர் ஆட்டோவுக்குள் இருந்தே பார்த்தார். அதன்பின் மை கலையாத தாள்களிலும் அந்த நிறுத்தம் நிலைத்துவிட்டது.

சுற்று வட்டாரம் முழுவதும் அந்தக் குரல் தெரியும். கரகரப்பு இல்லாத, அவசரம் இல்லாத, சற்றே தாழ்ந்த குரல். பெரிய வீடுகளில் யாரேனும் உடல்நலம் குன்றிக் கிடந்தால், குணசீலனே வந்து சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பவர்கள்கூட உண்டு. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெருமைக்குப் பின்னால் வேறொன்று மெல்ல மெல்ல வளர்ந்ததை அவர் காலந்தாழ்த்தித்தான் கவனித்தார்.

இழவு வீட்டில் வருகிறவரை யாரும் ‘வாங்க’ என்று சொல்வதில்லை. புறப்படுகிறவரும் ‘போய்ட்டு வாரேன்’ என்று சொல்வதில்லை. அந்த வழக்கத்தை ஊரார் தம்மையறியாமலே குணசீலனுக்கும் விரித்துவிட்டார்கள். அவர் கறிக்கடைக்குப் போனாலும், பால் சொசைட்டிக்குப் போனாலும், எதிரில் இருப்பவர் தலையை மட்டும் அசைப்பார். கைப்பேசியில் அவர் யாரையாவது அழைத்தால், மறுமுனையில் ‘ஹலோ’ வருவதற்கு முன் ஒரு பயந்த மௌனம் வரும். சொந்தத் தங்கையே ஒருமுறை, “அண்ணா, மொதல்ல யாருக்கும் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டு அப்பறம் பேசுங்க” என்றார். பலருடைய கைப்பேசிகளில் அவருடைய பெயர் ‘சாவு குணா’ என்றே பதிவாகி இருப்பதும் அவருக்குத் தெரியும். இவற்றையெல்லாம் அவர் தொழிலோடு வந்த தூசி என்று தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். 2024 ஆகஸ்ட் மாதம் ஒன்பதாம் நாள் வரை.

அன்று தமிழினிக்குப் பிறந்தநாள். அவள் சேலத்தில் ஒரு ஜவுளிக் கடையின் விளம்பரப் பிரிவில் வேலை செய்தாள். அவளுடைய கைப்பேசி எடுக்கப்படாததால் குணசீலன் கடையின் பொது எண்ணுக்கு அழைத்தார். எடுத்தவள் எருமப்பட்டியை அடுத்த பவித்திரத்துப் பெண். “தமிழினியக் கூப்புடும்மா, அவிங்கப்பா பேசறேன்” என்றதுதான் அவர் சொன்னது. அந்தப் பெண் குரலை அடையாளம் கண்டுகொண்டாள். மேல்தளத்துக்கு ஓடிப்போய், முகம் வெளிறி, “உங்கூட்ல இருந்து போன் வந்துருக்குது, நீ மொதல்ல உக்காரு” என்றாள். தமிழினி உட்காரவில்லை. படியில் இறங்கி ஓடினாள். கடைசி நான்கு படிகளை அவள் கால் தொடவே இல்லை. இடக்கை மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

கையில் கட்டுடன் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் இருந்த மகள் அவரை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுதான் குணசீலனைத் தின்றது. இரண்டாம் வாரத்தில் ஒருநாள், பேச்சுவாக்கில், தன் தொழிலில் தினமும் செய்வதைச் சொல்வது போல அவளே ஆரம்பித்தாள். ஒரு சோப்புக்கு, ஒரு புடவைக்கு எப்படி ஒரு முகம் இருக்கிறதோ அப்படி ஒவ்வொரு மனிதனுக்கும் ஊரார் மனத்தில் ஒரு முகம் இருக்கிறது. அதை ‘பிராண்ட்’ என்பார்கள். அது கெட்டுப்போனால் புதிதாகச் செய்துகொள்ளலாம் என்றாள்.

“உங்க கொரல் நல்ல கொரலுங்கப்பா. அது என்ன சொல்லுதுங்கறதத்தான் மாத்தோணும்.”

அடுப்படியில் இருந்து மஞ்சுளா, “கல்யாணமாகி இருவத்தாறு வருசமாச்சு. ‘மஞ்சுளா’ன்னு இவரு கூப்புட்டா இன்னைக்கும் யாரு போயிட்டாங்கன்னுதான் கேக்கத் தோணுது. எங்காயா செத்தன்னைக்கு அது பேருக்கு முன்னாடி கூட இத்தன கேப்பு உட்டதில்ல” என்றார். மூவரும் சிரித்தார்கள். குணசீலன் சிரித்தபடியே மகளின் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாய்ப்பு அக்டோபரில் வந்தது. துறையூர்ச் சாலையில் வசந்தாமணி என்ற அம்மையார் புதிதாக ஒரு திருமண மண்டபம் கட்டி முடித்திருந்தார். நிகழ்ச்சிகளைத் தொகுத்துப் பேச நிரந்தரமாக ஒருவர் தேவைப்பட்டார். தமிழினி தகப்பனுக்கு ஒரு வண்ண அட்டை அச்சிட்டுக் கொடுத்து, கிளிப்பச்சை நிறத்தில் ஒரு சட்டையும் எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். வசந்தாமணி அட்டையைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், பிறகு ஆளைப் பார்த்தார். மனத்தில் பட்டதை மறைக்கத் தெரியாதவர் அவர்.

“குணசீலா, உன்னக் குத்தம் சொல்லல. எம்பட மண்டபத்துல பொண்ணு மாப்பளையோட பேர நீ மைக்குல படிச்சா, சனம் சாப்பாட்டுப் பந்திக்குப் போகுமா, சுடுகாட்டுக்குப் போகுமா?”

இருந்தாலும் அவர் இரக்கமற்றவர் அல்லர். நவம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை மண்டபத் திறப்பு விழா. அதற்கு முன் வியாழன் முதல் மூன்று நாள் சுற்றுவட்டாரத்தில் குணசீலன் ஆட்டோவில் அறிவிக்கட்டும். ஞாயிறன்று மேடையிலும் பேசட்டும். மக்கள் முகம் சுளிக்காமல் வந்தால் வேலை அவருக்கே என்றார். ஒரே ஒரு நிபந்தனை. அன்று முதல் சாவுச் செய்தி சொல்லக் கூடாது.

குணசீலன் ஒப்புக்கொண்டார். அடுத்த நாளே சென்றாயனிடம் விவரம் சொன்னார். சென்றாயன் தலையைச் சொறிந்தபடி, இனி ஊரில் யாரும் நிம்மதியாகச் சாக முடியாது என்று மட்டும் சொன்னார். வேறு வழியின்றி, சாவுச் செய்திகளுக்கு நாமக்கல்லில் இருந்து ஒருவரை வைத்துப் பதிவுசெய்த குரலை ஓடவிட ஏற்பாடு செய்துகொண்டார்.

பிறகு பயிற்சி தொடங்கியது. தங்கையின் மக்காச்சோளக் காட்டு வரப்பில் நின்றுகொண்டு, தினமும் காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை, குணசீலன் சிரித்த முகத்துடன் வேகமாகப் பேசிப் பழகினார். மூச்சு முட்டியது. வேகம் வந்தால் சிரிப்பு போயிற்று. சிரிப்பு வந்தால் நிறுத்தம் வந்தது. கைப்பேசியில் பதிவு செய்து மகளுக்கு அனுப்பினார். முதல் பத்து நாள் அவள் பதில் ஒன்றுதான்: இன்னும் எழவு மாதிரியே இருக்கிறது. பதினோராம் நாள், இது சாவு இல்லை, கருமாதி அளவுக்கு வந்துவிட்டது என்று எழுதினாள். குணசீலனுக்கு உறக்கம் குறைந்தது. நெற்றி நரம்பு துடிப்பதை மஞ்சுளா கவனித்துச் சுக்குப் போட்டுக் காப்பி கொடுத்தார். இருபத்தைந்தாம் நாள் ஒரு பதிவுக்குத் தமிழினியிடம் இருந்து சிரித்த முகம் ஒன்று வந்தது. அதை அவர் நாலைந்து முறை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

மண்டபத்தைத் திறந்து வைக்க வசந்தாமணி தேர்ந்தெடுத்தவர் பள்ளத்தோட்டத்து நாச்சிமுத்து. எழுபத்தெட்டு வயது, கோழிப்பண்ணை வைத்திருப்பவர், வட்டாரத்தில் எந்த நல்ல காரியத்துக்கும் முதல் வெற்றிலை அவருக்குத்தான் போகும். தமிழினி எழுதிக்கொடுத்த அறிவிப்பு, ‘மகிழ்ச்சியான செய்தி’ என்று தொடங்கி, நாச்சிமுத்து அவர்கள் பொற்கரங்களால் திறப்பு விழா என்று ஒரே மூச்சில் ஓடி, தேதியில் முடிந்தது. தோட்டத்தின் பெயர் அதில் இல்லை. தகப்பன் பெயரும் இல்லை. விளம்பரத்துக்கு அவை வேண்டாம் என்பது அவள் கணிப்பு.

நவம்பர் 14 வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பவித்திரத்தில் தொடங்கினார்கள். குணசீலன் கிளிப்பச்சைச் சட்டையில் இருந்தார். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே, வேகமாக, சிரித்துக்கொண்டே படித்தார். யாரும் பதறவில்லை. ஆனால் தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண் ஒருத்தி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, “எந்த நாச்சிமுத்துங்க? எருமப்பட்டீல ரெண்டு மூணு பேரு இருக்கறாங்களே” என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. இருபத்தோராண்டில் ஒருவரும் அவரிடம் அப்படிக் கேட்க நேர்ந்ததில்லை. செய்தி தெளிவாக இல்லை என்ற எண்ணம் அவரை முள்ளாகக் குத்தியது. சென்றாயனும் தம் பங்குக்கு, ஆள் யாரென்று தெரியாமல் யாரைப் பார்க்கக் கூட்டம் வரும் என்றார். அலங்காநத்தம் பிரிவு வருவதற்குள் குணசீலன் தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதிச் சேர்த்தார். எழுதும்போது பழைய வரிசையில்தான் கை ஓடியது. இங்கெல்லாம் தகப்பன் இறந்திருந்தால் அவர் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடாமல் சொல்வது மரியாதைக் குறைவு. அதையும் சேர்த்தார்.

அலங்காநத்தத்தில் அவர் சொன்னது இது:

“எருமப்பட்டி, பள்ளத்தோட்டம், காலஞ்சென்ற பழனியப்பன் அவர்களின் மூத்த குமாரர், பெரியவர்...”

அங்கே நின்றது. அவர் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. பிறகு, “...நாச்சிமுத்து அவர்கள்” என்று வந்தது. அதன்பின் மண்டபமும் பொற்கரங்களும் தேதியும் மகிழ்ச்சியும் எல்லாம் வந்தன. ஒரு சொல்கூடக் குளறவில்லை. யாரும் தவறாகக் கேட்கவும் இல்லை. பெயர் வந்த பிறகு கேட்பதற்கு யாரும் நிற்கவில்லை, அவ்வளவுதான். வெங்காயம் நட்டுக்கொண்டிருந்த பெண்கள் கூடையைக் கரையில் வைத்துவிட்டுத் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டே வீட்டைப் பார்த்து நடந்தார்கள். ஒருவர் கடையின் கதவுப் பலகையைச் சாத்தினார். குணசீலன் முன்பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததால் பின்னால் நடந்தது அவர் கண்ணில் படவில்லை. வரகூர், பொட்டிரெட்டிப்பட்டி என்று மேலும் ஆறு ஊர்களில் அதையே சொன்னார். ஒவ்வோர் ஊரிலும் தம் குரல் நன்றாக அமைந்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. அன்று காலை அவர் மகிழ்ச்சியாக இருந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

பதினொன்றரை மணிக்குச் சென்றாயனுடைய கைப்பேசி ஒலித்தது. எருமப்பட்டியில் குளிர்பெட்டி வாடகைக்கு விடுபவர் பேசினார். பள்ளத்தோட்டத்துக்குப் பெட்டி கொண்டு போயிருப்பதாகவும், ஆனால் அங்கே அதைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்றும், என்ன விவரம் என்றும் கேட்டார். சென்றாயன் ஆட்டோவை ஓரங்கட்டினார். மெல்லத் திரும்பிக் குணசீலனைப் பார்த்தார்.

“குணா, நீ காலீல இருந்து யாரத் தொறந்து வெச்சுக்கிட்டு வாரே?”

பள்ளத்தோட்டத்துப் பாதையில் இருபுறமும் வண்டிகள். பண்ணையில் முட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் பாதி லாரியோடு நிறுத்திவிட்டுக் கைகட்டி நின்றார்கள். வாசலில் சம்பங்கி மாலைகள் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் தம்மம்பட்டியில் கட்டிக்கொடுத்த தங்கை தெய்வநாயகி, அழுது வீங்கிய முகத்தோடு, மடியில் ஒரு புது வேட்டியை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். அது கோடி. இறந்தவர் மேல் போர்த்துவதற்குக் கொண்டுவருவது. வரப்புத் தகராறு ஒன்றில் அண்ணனோடு பேச்சை முறித்துக்கொண்டு, இனி உன் பிணத்துக்குத்தான் வருவேன் என்று சொல்லிப்போய் ஏழாண்டு ஆகியிருந்தது. யாரோ கைப்பேசியில் செய்தி சொல்ல, வாடகைக் காரில் ஒன்றரை மணி நேரத்தில் வந்து இறங்கியவர், அண்ணன் நாற்காலியில் இருப்பதைக் கண்டதும் மேலும் உரக்க அழுது, பிறகு விட்டுப்போன ஏழாண்டுத் திட்டையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்திருந்தார்.

குணசீலனுக்குக் கிளிப்பச்சைச் சட்டை எரிவது போல் இருந்தது. கூட்டம் அவருக்கு வழி விட்டது. அப்போதும் யாரும் ‘வா’ என்று சொல்லவில்லை.

“ஏப்பா குணசீலா,” என்றார் நாச்சிமுத்து, “நான் எத்தன மணிக்குப் போனேன்னு சொன்னே?”

“அப்படிச் சொல்லலீங்கய்யா. மண்டபந் தொறக்கறீங்கன்னுதானுங்க சொன்னேன்.”

“அப்ப இந்த மாலையெல்லாம் மண்டபத்துக்கா?”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் சிரிக்க முயன்றார். ஆனால் நாற்காலியின் கைப்பிடியை அவர் விடாமல் பற்றியிருப்பதைக் குணசீலன் பார்த்துவிட்டார். பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

“எந்தங்கச்சி கார உட்டு எறங்கி அழுதுட்டு வந்தா. தோட்டத்து முக்குல இருந்தே கேட்டுச்சு. உசுரோட இருக்கறவன் கேக்கற சத்தம் இல்ல சாமி அது.”

குணசீலன் இரண்டு கைகளையும் கூப்பினார். தம் மகள் படியில் உருண்டதும், இந்த முதியவர் தம் இழவு அழுகையைத் தாமே கேட்டதும் ஒரே குரலால் நேர்ந்தவை என்ற நினைப்பில் கூப்பிய கைகளை இறக்காமலே நின்றார்.

தெய்வநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கொண்டுவந்த கோடியைத் திருப்பி எடுத்துப் போவது ஆகாது என்றார். உள்ளே போய் அண்ணனை அதைக் கட்டிக்கொண்டு வரச் சொன்னார். சற்று நேரத்தில் நாச்சிமுத்து தம் சாவுக்கு வந்த வேட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதற்குள் பாதையில் மேலும் இரண்டு வேன்கள் வந்துவிட்டன. கெங்கவல்லியில் இருந்து ஒரு பேருந்து அளவுக்கு உறவினர் புறப்பட்டிருப்பதாகச் செய்தி வந்தது. பெரியவரின் மகன் கைப்பேசிக் குழுக்களில் மறுப்புச் செய்தி போட்டிருந்தார். பெரியவரைப் படம்பிடித்தும் அனுப்பியிருந்தார். பழைய படமாக இருக்கும் என்றே பதில்கள் வந்தன. குணசீலனே சொல்லிவிட்ட பிறகு இதில் என்ன சந்தேகம் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

நாச்சிமுத்து நாற்காலியில் நிமிர்ந்தார். “போயி நான் இருக்கறேன்னு சொல்லிட்டு வா. வேற யாரு சொன்னாலும் இவிங்க நம்ப மாட்டாங்க. சொல்லிட்டு வந்து சாப்புடு.”

அலங்காநத்தம் பேருந்து நிறுத்தத்தில் நிறுத்தினார்கள். நிழற்குடையின் கீழ் மாலைகளுடன் இருபது பேர் வண்டிக்குக் காத்திருந்தார்கள். குணசீலன் புதிய குரலைத்தான் எடுத்தார். வசந்தாமணிக்குக் கொடுத்த சொல் இருந்தது. மகள் அனுப்பிய சிரித்த முகம் இருந்தது. வேகமாக, மலர்ச்சியாக, அன்பான பொதுமக்கள் பதற வேண்டாம் என்று தொடங்கி, நாச்சிமுத்து அவர்கள் நலம் என்று முடித்தார். இருபது பேரில் ஒருவரும் அசையவில்லை. துக்கத்தில் அறிவிப்பவனுக்கே புத்தி தடுமாறிவிட்டது என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னார். இன்னொருவர் மூக்கை உறிஞ்சிக் காற்றில் சாராய வாடை தேடினார். பேருந்து வந்தது. ஐந்து பேர் ஏறிவிட்டார்கள்.

சென்றாயன் இயந்திரத்தை அணைத்தார். பழைய குரலில் சொன்னால் ஒழிய இவர்கள் இறங்க மாட்டார்கள் என்றார். அப்படிச் சொன்னால் மண்டபம் போயிற்று என்றார் குணசீலன். “மண்டபம் அப்பவே போயாச்சு தம்பி,” என்றார் சென்றாயன்.

பேருந்தின் படியில் ஆறாவது ஆள் கால் வைத்தார். குணசீலன் மைக்கை எடுத்தார்.

“எருமப்பட்டி, பள்ளத்தோட்டம், காலஞ்சென்ற பழனியப்பன் அவர்களின் மூத்த குமாரர், பெரியவர்... நாச்சிமுத்து அவர்கள்... இன்று பகல் பன்னிரண்டு மணி நாற்பது நிமிட அளவில்... உடல்நலத்துடன் தமது இல்லத்தில் அமர்ந்திருக்கிறார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். துக்கம் விசாரிக்க யாரும் புறப்பட வேண்டியதில்லை.”

படியில் நின்றவர் இறங்கினார். உள்ளே ஏறிய ஐந்து பேரும் நடத்துனரை நிறுத்தச் சொல்லி இறங்கினார்கள். ஒரு மூதாட்டி மாலையைக் கையில் பிடித்தபடியே, “மவராசனா இருக்கட்டும்” என்று சொல்லி நிழற்குடைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். காலையில் சொன்ன ஏழு ஊர்களிலும் குணசீலன் அதே வாக்கியத்தை, அதே நிறுத்தங்களுடன் சொன்னார். மாலை நான்கரை மணிக்குப் பள்ளத்தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது குரல் உள்ளடங்கிப் போயிருந்தது. வைத்திருந்த சோற்றை உண்ண முடியவில்லை. மோரை மட்டும் குடித்தார்.

வசந்தாமணி அன்று மாலையே குணசீலன் வீட்டுக்கு வந்து அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். கோபப்படவில்லை. ஒரு மாதம் நல்ல காரியம் எதற்கும் வெளியே போகக் கூடாது என்று தங்கை தெய்வநாயகி தடுத்துவிட்டதால் நாச்சிமுத்து விழாவுக்கு வர இயலாது என்றார். நாமக்கல்லில் இருந்து மோகனப்பிரியா என்ற பெண்ணை மேடைக்கு ஏற்பாடு செய்திருப்பதாகவும் சொன்னார். ஞாயிறன்று குணசீலன் மண்டபத்துப் பக்கம் போகவில்லை. சாலைக்கு அப்பால் இருந்து மோகனப்பிரியாவின் குரல் காற்றில் வந்தது. நன்றாகத்தான் பேசினாள் என்று அவர் மஞ்சுளாவிடம் சொன்னார்.

அடுத்த மூன்று வாரம் அவர் மைக்கைத் தொடவில்லை. தமிழினி தினமும் அழைத்தாள். கிளிப்பச்சைச் சட்டையை யாருக்காவது கொடுத்துவிடுவதா என்று அவர் கேட்டதற்கு, “இருக்கட்டுங்கப்பா” என்றாள்.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் வரகூரில் இருந்து பிரபா என்ற பெண் தேடி வந்தார். அவருடைய தாயார் பக்கவாதத்தால் சேலத்து மருத்துவமனையில் நாற்பது நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். ஆனால் ஊரில் அவர் இறந்துவிட்டதாகவும், வீட்டார் மறைப்பதாகவும் பேச்சு. வந்து பார்ப்பவர்கள்கூட வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பள்ளத்தோட்டத்துப் பெரியவருக்குச் சொன்ன மாதிரி என் அம்மாவுக்கும் சொல்ல வேண்டும் என்றார் பிரபா.

குணசீலன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. சொன்ன மறுவாரம் அந்த அம்மாள் இறந்துவிட்டால்? பெயருக்கு முன் அந்த ஒரு மூச்சில் யாராவது நெஞ்சடைத்து விழுந்தால்? இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு நடைமுறை வகுத்துக்கொண்டார். வீட்டார் சொல்வதை மட்டும் நம்பி அறிவிப்பதில்லை. தாமே போய் நோயாளியை நேரில் பார்க்க வேண்டும். அவர் வாயால் சம்மதம் வாங்க வேண்டும். வரகூருக்குப் போனார். அந்த அம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தார். வாய் ஒருபுறம் கோணியிருந்தாலும் பேச்சு புரிந்தது. தன் பேரைச் சொல்லும்போது கொஞ்சம் சத்தமாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனாருக்குக் காது மந்தமாம்.

தெருவில் அறிவித்தபோது குணசீலன் முதல் தடவையாகப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார். பெயர் வந்தது. ஒரு பெண் துடைப்பத்தைக் கீழே போட்டாள். ஆனால் நகரவில்லை. வாக்கியம் எங்கே போகிறது என்று தெரியாத முகத்தோடு நின்றாள். ‘நலமாக வீடு திரும்பியிருக்கிறார்’ என்பது வந்த பிறகுதான் குனிந்து துடைப்பத்தை எடுத்தாள். தெருவில் மற்றவர்களும் அப்படியே நின்று, முடியும் வரை கேட்டுவிட்டுப் போனார்கள். அன்று பிற்பகல் பிரபாவின் வீட்டுக்கு உள்ளே வந்து உட்கார்ந்து பார்த்தவர்கள் பதினேழு பேர்.

அதன்பின் ஜனவரியில் இரண்டு வீட்டார் கூப்பிட்டார்கள். ஒருவர் இருதய சிகிச்சை முடிந்து வந்த லாரி உரிமையாளர். மற்றவர் மாடு முட்டிப் படுத்திருந்து எழுந்தவர். இவர்களெல்லாம் என்றைக்கேனும் இறக்கும் நாளில் செய்தியைச் சொல்வது யார் என்று சென்றாயன் ஒருநாள் கேட்டார். சாவுச் செய்தி சொல்வதில்லை என்ற முடிவில் மட்டும் குணசீலன் இன்றளவும் மாறவில்லை. ஒவ்வோர் அறிவிப்புக்கும் முந்திய நாள் அவருக்குச் சோறு இறங்குவதில்லை என்கிறார் மஞ்சுளா.

இக்குறிப்பு எழுதப்படும் வரையில் குணசீலன் கடைசியாக ஒலிபெருக்கியில் பேசியது, பொட்டிரெட்டிப்பட்டியில், சிறுநீரகக் கல் எடுத்துக்கொண்டு வீடு திரும்பிய ஓர் ஆசிரியரைக் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணிக்குள் வந்து பார்க்கலாம் என்று அறிவித்ததாகும். நாள்: 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை.